செகண்ட் ஹேண்ட் லென்ஸ் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: கடைக்குள் ஓடும், வெயிலில் நிற்கும்

ஃபிலிம் காலத்து 70-300 ஜூம். மவுண்ட் (லென்ஸ் கேமராவில் பொருந்தும் வாய்) கேனான் இஎஃப், தயாரிப்பு வேறு கம்பெனி. "எந்த இஓஎஸ் பாடியிலும் ஓடும் சார், கியாரண்டி" என்று சொல்லித்தான் கடையில் விற்றார்கள். (இஓஎஸ் என்பது கேனான் கேமரா வரிசை, பாடி என்பது லென்ஸ் மாட்டாத கேமரா.) அங்கேயே கேமராவில் மாட்டி எடுத்துக் காட்டிய படமெல்லாம் பளிச். வெளியே வந்து வெயிலில் எடுத்தால் கேமரா திரையில் எர்ர் 01. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் ஒரு படம் வரும், அடுத்ததில் மறுபடி எர்ர். திருப்பிக் கொண்டுபோனால் கான்டாக்டில் (லென்ஸும் பாடியும் தொட்டுக்கொள்ளும் உலோகப் புள்ளிகளில்) அழுக்கு என்று துடைத்துக் கொடுத்து, அதற்குத் தனியாகக் காசு. அதிலும் சரியாகவில்லை என்றதும் "உங்க பாடிதான் கம்ப்ளெயின்ட்". கடைசியில் சுவரில் இருக்கும் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" போர்டைக் காட்டிவிட்டார்கள்.

கடைக்குள் ஏன் ஓடியது? டியூப்லைட் வெளிச்சத்தில் பி (புரோகிராம்) மோடில் வைத்தால் கேமரா தானாகவே அபெர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையை, முழுக்கத் திறந்து வைத்துக்கொள்ளும். லென்ஸ் சும்மா இருக்கும்போதும் அந்தத் துளையைச் சுருக்கும் பிளேடுகள் முழுக்கத் திறந்துதான் இருக்கும். ஆக, பிளேடை மூடச் சொல்லும் கட்டளையே லென்ஸுக்குப் போவதில்லை. வெயிலில் கேமரா எஃப்/8 கேட்கும் (எஃப் எண் ஏற ஏறத் துளை சிறிதாகும்), அங்கேதான் மாட்டிக்கொள்ளும். ஆட்டோஃபோகஸ் நன்றாக வேலை செய்வதால் யாருக்கும் சந்தேகமும் வராது.

1987-இல் வந்த இஎஃப் மவுண்டில் பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே நெம்புகோல் எதுவும் கிடையாது. பிளேடை மூடும் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது, பாடி மின்சிக்னலில் கட்டளை மட்டும் அனுப்பும். சிக்மா போன்ற கம்பெனிகள் அந்தக் கட்டளைகளைத் தாங்களாகவே ஆராய்ந்து பிடித்துச் சிப் செய்தன. அன்றைய ஃபிலிம் பாடிகள் பேசியது அந்தச் சிப்புக்குப் புரிந்தது. பின்னால் வந்த டிஜிட்டல் பாடிகள் பேசுவது புரியவில்லை. பதில் வராததால் பாடி எர்ர் போட்டு நின்றுவிடுகிறது. பழைய பாடிகளில் எர்ர் 99 என்று வரும், பிந்தியவற்றில் எர்ர் 01.

இதைச் சரிசெய்துவிடலாம் என்று கடைக்காரர் சொல்லும் எதையும் நம்பாதீர்கள். முன்பு சிக்மா சில மாடல்களுக்குச் சிப் மாற்றிக் கொடுத்தது உண்மைதான், மிகப் பழைய லென்ஸ்களுக்கு அந்தப் பாகம் இப்போது கிடையாது. யுஎஸ்பி டாக் (லென்ஸைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி) வாங்கி அப்டேட் செய்யலாம் என்பார்கள். அது 2012-க்குப் பிறகு வந்த சிக்மாவின் ஆர்ட், கன்டெம்பரரி, ஸ்போர்ட்ஸ் வரிசைக்கு மட்டும். மிரர்லெஸ்ஸில் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை கேமராவில்) அடாப்டர் போட்டால் ஓடும் என்பதும் கதை. கேனான் அடாப்டர் சிக்னலைக் கடத்துமே தவிர, பழைய சிப்புக்குப் புது மொழி கற்றுக்கொடுக்காது.

கான்டாக்ட் அழுக்கு என்ற சாக்கை உடைக்க டிஸ்ப்ளேயைப் பாருங்கள். தொடர்பே இல்லாவிட்டால் கேனான் பாடியில் அபெர்ச்சர் 00 என்று வரும், ஆட்டோஃபோகஸும் தடுமாறும். எஃப் எண் ஒழுங்காகத் தெரிந்து, ஃபோகஸும் பிடித்து, மூடும்போது மட்டும் எர்ர் வந்தால் துடைத்துப் பயனில்லை.

இதே அறிகுறி கேனானின் சொந்த லென்ஸிலும் வரும். முதல் மாடல் 24-105 எஃப்/4 எல், 17-55 எஃப்/2.8 இரண்டிலும் அபெர்ச்சருக்குப் போகும் ஃப்ளெக்ஸ் கேபிள் (மெல்லிய பட்டை வயர்) மடங்கி மடங்கி அறுந்துபோவது பெயர்போன கோளாறு. சிப் பிரச்சினை எல்லா ஜூம் நிலையிலும் ஒரே மாதிரி வரும். கேபிள் என்றால் ஆரம்பத்தில் சில ஜூம் நிலைகளில் மட்டும் வரும். கேபிளை மாற்றலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

கடையை விட்டு வெளியே வருமுன் உங்கள் பாடியிலேயே சோதியுங்கள், அவர்கள் பாடியில் அல்ல. எம் (மேனுவல்) மோட், எஃப்/11, ஷட்டர் 2 செகண்ட். அழுத்திவிட்டு லென்ஸின் முன்பக்கம் எட்டிப் பாருங்கள், பிளேடு மூடி 2 செகண்ட் அப்படியே நிற்க வேண்டும். ஜூமின் இரு முனையிலும் செய்யுங்கள். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் எஃப்/5.6-க்கு 1/250, எஃப்/8-க்கு 1/125, எஃப்/11-க்கு 1/60, எஃப்/16-க்கு 1/30. நான்கும் ஒரே வெளிச்சத்தில் வர வேண்டும். எண் ஏற ஏறப் படம் வெளுத்தால் பிளேடில் எண்ணெய் கசிந்து மெதுவாக மூடுகிறது என்று அர்த்தம். டியூப்லைட்டுக்குக் கீழே இதைச் செய்யாதீர்கள், ஃப்ளிக்கர் குழப்பிவிடும்.

நிக்கான் எஃப் மவுண்டில் கதை வேறு. அங்கே பாடியில் இருக்கும் நெம்புகோல்தான் பிளேடை இயக்கும். ஆனால் நிக்கானின் இ வகை லென்ஸ்களுக்கும், சிக்மா 85 எஃப்/1.4 ஆர்ட், டாம்ரான் 70-200 ஜி2 போன்றவற்றுக்கும் மின்சார அபெர்ச்சர். டி90, டி80, டி200, டி3000 போன்ற பழைய நிக்கான் பாடிகளில் அவை எப்போதும் முழுக்கத் திறந்தே எடுக்கும், எர்ர்கூடக் காட்டாது. "புது லென்ஸ், பழைய பாடியில் இன்னும் சூப்பரா இருக்கும்" என்று விற்பவரிடம் எஃப்/11-இல் ஒரு படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

நிக்கானின் டி வகை (அபெர்ச்சர் வளையம் உள்ள) லென்ஸ் மாட்டி டிஸ்ப்ளேயில் எஃப்இஇ என்று வந்தால் அது பழுதே இல்லை. வளையத்தை ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் கடைசி எண்ணுக்கு, பெரும்பாலும் 22, திருப்பி லாக் செய்தால் போதும். இதற்கும் சர்வீஸ் சார்ஜ் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பில்லில் "இன்ன மாடல் பாடியில் எஃப்/11-இல் சோதித்துக் கொடுக்கப்பட்டது" என்று எழுதி வாங்குங்கள், லென்ஸின் சீரியல் நம்பரோடு. பில்லே தரமாட்டேன் என்றால் லென்ஸை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் பில்லும் எர்ர் திரையின் படமும் கையில் இருக்கட்டும், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம்.