பீகானேர் ஒட்டகப்பால் கடை: உறையாத பால், உறைந்த குல்ஃபி

பீகானேர் போகிறவர்கள் ஜூனாகர் கோட்டையைப் பார்த்த கையோடு தேசிய ஒட்டக ஆராய்ச்சி மையத்துக்கும் ஒரு ஆட்டோ பிடித்துவிடுங்கள். ஊருக்கு வெளியே ஜோர்பீர் பக்கம் இருக்கிறது. உள்ளே ஒட்டகப்பால் கடை உண்டு. டீ, காபி, குல்ஃபி எல்லாமே ஒட்டகப்பாலில்தான். நான் எழுதுவது அந்தக் கடையைப் பற்றி.

நான் கோபிச்செட்டிபாளையம் பக்கம் எருமை வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவன். கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் (பாலில் தண்ணீரும் கொழுப்பும் போக மிஞ்சும் சத்து) பார்த்துத்தான் எங்களுக்குக் காசு. அதனால் பால் விஷயத்தில் நாக்கு கொஞ்சம் கறார். கூட வந்த மாமியார் என்னைவிடக் கறார்.

முதலில் டீ. நிறம் வெளுப்பு. எருமைப்பால் டீ குடித்துப் பழகிய வாய்க்குத் தண்ணியாகத்தான் இருக்கும். கடைசி மடக்கில் நாக்கின் ஓரத்தில் லேசாக ஒரு உப்புச் சுவை தெரிகிறது. கவிச்சி வாடை இல்லவே இல்லை. எனக்குப் பிடித்தது. அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை உற்றுப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, ஆடையே கட்டலீங்களே. இது ஒறை ஊத்துனா ஒறையுமா?"

"கெட்டியா உறையாதுங்க அத்தை."

"கடைஞ்சா வெண்ணெய் திரளுமா?"

"லேசுல திரளாதுங்க."

"அப்ப இது பாலே இல்லீங்க."

அங்கே ஆரம்பித்த பஞ்சாயத்து சாயங்காலம் வரை ஓடியது. அத்தை சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆயுசு முழுக்க உறையையும் மத்தையும் வைத்தே பாலை எடைபோட்டவர் அவர். ஒட்டகப்பாலில் தயிரைக் கெட்டியாக நிறுத்துகிற கப்பா கேசின் என்ற புரதம் பசும்பாலைவிட ரொம்பக் குறைவு. பசும்பாலில் உள்ள பீட்டா லாக்டோகுளோபுலின் என்ற இன்னொரு புரதம் இதில் அறவே இல்லை. கொழுப்புத் துளிகளும் பொடிப்பொடியாக இருப்பதால் மேலே திரண்டு வராது. ஆக அத்தை வைத்த மூன்று பரீட்சையிலும் ஒட்டகம் ஃபெயில்.

ஆனால் நான் விடவில்லை. கன்று ஈன்று, மடியில் சுரந்து, அந்தக் கன்றுக்கு ஊட்டுவதுதான் பால். அது உறைவதும் உறையாததும் நம் சமையலறைக் கணக்கு. அங்கே கறவையைப் பார்த்தபோது எனக்கு இது இன்னும் உறுதியானது. முதலில் கன்றை ஊட்ட விடுகிறார்கள். கன்று முட்டினால்தான் தாய் பாலை இறக்கும், நம் எருமை மாதிரியே. பிறகு கறக்கிறவர் ஒரு காலை மடக்கி மறு முழங்காலில் ஊன்றி, மடக்கிய தொடை மேல் பாத்திரத்தை நிறுத்தி, ஒற்றைக்காலில் நின்றபடி இரண்டு கையாலும் கறக்கிறார். குந்தி உட்கார்ந்து கறக்கும் எனக்கு அதைப் பார்க்கவே முதுகு வலித்தது. பால் இறங்கி நிற்கும் நேரம் கொஞ்சம்தான் என்பதால் கை படுவேகம். பொங்கி வரும் நுரையைப் பார்த்த பிறகும் அதைப் பால் இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வராது.

சட்டமும் என் பக்கம்தான். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே ஒட்டகப்பாலுக்குத் தரம் வகுத்துவிட்டது. 2019-ல் அமுல் அதைப் பாட்டிலில் விற்க ஆரம்பித்தது. இதைச் சொன்னதும், சட்டத்தில் பால் என்றால் என்னதான் போட்டிருக்கிறது என்று அத்தை கேட்டார். ஆரோக்கியமான கறவை விலங்கின் மடியில் சுரப்பது, எதையும் சேர்க்காதது, எதையும் எடுக்காதது, சீம்பால் கலக்காதது என்று சொன்னேன். அவ்வளவுதான்.

"சீம்பால் பால் இல்லீங்களா? கன்னுக்குட்டி குடிக்கிற மொதப் பாலே அதானுங்க!"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. கறந்து விற்கிற பாலுக்கு அது சரியான விதிதான், அத்தையின் கோபமும் சரிதான்.

அப்புறம் குல்ஃபி வந்தது. கடையின் உச்சம் இதுதான். பாலைச் சுண்ட வைத்து உறைய விட்டிருக்கிறார்கள். அந்த மெல்லிய உப்பு இங்கே சர்க்கரையோடு சேர்ந்து அருமையாக எடுபடுகிறது. வாயில் நெய்ப்பிசுக்கு ஒட்டுவதில்லை, வெயிலுக்கு ரொம்ப இதம். அத்தை ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றும் கேட்டார். "இப்ப பால்தானுங்களே?" என்றேன். "இது ஐஸுங்க மாப்பிள்ளை. ஐஸு நல்லாருக்குது" என்றார்.

காபி சுமார். டிகிரி காபி கேட்கிற நாக்குக்கு அது ஒத்துவராது.

ஒரு விஷயம் முக்கியம். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு குடிக்க வேண்டாம். லாக்டோஸ் இதிலும் இருக்கிறது. பசும்பால் புரதம் சேராத குழந்தைகள் சிலருக்கு இது சேரும் என்கிறார்கள். ஆனால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து என்று யாராவது சொன்னால் அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தருகிறேன். அத்தையைக் கேட்டால் குல்ஃபிக்கு ஐந்து, டீக்கு ஒன்று. மதியத்துக்கு மேல் போங்கள், மேய்ச்சலுக்குப் போன ஒட்டகங்கள் திரும்பி வருவதையும் பார்க்கலாம்.