விசென்சாவின் ஒலிம்பிகோ அரங்கம்: ஒரே நாடகத்துக்காக எழுந்த தெருக்கள்

வட இத்தாலியின் சிறு நகரமான விசென்சாவுக்குச் செல்பவர்கள், கோர்சோ பல்லாடியோ வீதி முடியுமிடத்தில் இருக்கும் தியாட்ரோ ஒலிம்பிகோவைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. கோட்டையாகவும் சிறையாகவும் இருந்த பழைய கட்டடத்துக்குள் எழுப்பப்பட்டதால், வெளியில் நின்று பார்த்தால் அது நாடக அரங்கம் என்றே தோன்றாது.

கலை, அறிவியல் ஆர்வலர்களின் சங்கமான ஊரின் ஒலிம்பிக் கழகம் 1555இல் தோன்றியபோதே அதில் உறுப்பினராயிருந்த கட்டடக் கலைஞர் அந்திரேயா பல்லாடியோ, 1580இல் இந்த அரங்கத்தை வடிவமைத்து, வேலை தொடங்கிய அதே ஆண்டில் காலமானார். இடம் போதாததால், பண்டைய ரோமானிய அரங்குகளின் அரைவட்டப் படிவரிசை இங்கே அரை நீள்வட்டமாயிற்று. எதிரே நிற்கும் பிரம்மாண்டமான மேடைச்சுவர் பளிங்குபோல் தெரிந்தாலும் பெரும்பாலும் மரமும் சுதையும்தான். அதன் சிலைகளில் கழகத்தாரே ரோமானிய உடையில் நிற்கிறார்கள்.

பெருமை முழுவதும் பல்லாடியோவுக்கே போகிறது என்றாலும், என்னைக் கட்டிப்போட்டது அவருக்குப் பின் வேலையைத் தொடர்ந்த கட்டடக் கலைஞர் வின்சென்சோ ஸ்கமோட்சியின் கைவேலை. 1585 மார்ச் 3 அன்று சோபக்ளீஸின் ‘ஈடிப்பஸ் மன்னன்’ நாடகத்தோடு அரங்கம் திறக்கப்பட்டபோது, சுவரின் வாயில்களுக்கு அப்பால், அந்நாடகம் நிகழும் தீப்ஸ் நகரத்தின் ஏழு தெருக்களை அவர் அமைத்திருந்தார். தரை மெல்ல உயர, இருபுறத்து மாளிகைகள் சிறுத்துக்கொண்டே போவதால், சில மீட்டர் ஆழமே உள்ள தெரு நெடுந்தூரம் நீள்வதாகக் கண் நம்பிவிடுகிறது. ஒரு நாடகத்துக்காகச் செய்த அந்த அமைப்பைப் பிறகு யாரும் அகற்றவில்லை. உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய மேடைக்காட்சி இதுவே. முதலில் நடுவிலும், பிறகு ஓரங்களிலும் உட்கார்ந்து பாருங்கள். எந்த இடத்திலிருந்தும் ஒரு தெருவாவது உள்ளே வரை தெரியும்படி அவர் கணக்கிட்டிருப்பது அப்போதுதான் புரியும்.

பலர் வேகமாகக் கடந்துவிடும் முன்னறையில், 1585இல் ஜப்பானியத் தூதர்கள் இங்கு வந்ததைக் காட்டும் ஒற்றை வண்ணச் சுவரோவியம் உண்டு. அதையும் நின்று பார்க்க வேண்டும்.

மரவேலைப்பாடுகளைக் காப்பதற்காக அரங்கில் வெப்பமூட்டும் வசதியோ குளிர்சாதனமோ கிடையாது என்பதால், குளிர்காலத்தில் செல்பவர்கள் கம்பளி உடையோடு போவது நல்லது. இதே காரணத்தால் நிகழ்ச்சிகள் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மட்டுமே நடைபெறுகின்றன. பயணத் தேதியை மாற்ற முடிந்தவர்கள் அவற்றில் ஒன்றுக்கு நுழைவுச்சீட்டு எடுக்கட்டும். இத்தெருக்கள் நடிகர்களுக்காகவே கட்டப்பட்டவை.