பொறியா, தூண்டலா?

கஞ்சா, ஐஸ் வழக்கென்றால் கிளிநொச்சித் தேநீர்க்கடையில் இந்தக் கேள்வி வரும்: "பொலிசே ஆள் அனுப்பி வாங்கினா கேஸ் நிக்குமா?" பிலிப்பைன்ஸ் நீதிமன்றங்கள் இதைப் பொறி, தூண்டல் என இரண்டாகப் பிரிக்கின்றன.

விற்கும் எண்ணம் யாருடையது?
பொறி: விற்பவருடையது. பொலிஸ் வாங்குபவர் போலப் போகிறது, அவ்வளவுதான்.
தூண்டல்: பொலிசுடையது. விற்கும் நினைப்பே இல்லாதவரை வற்புறுத்தி விற்கவைக்கிறது.

முடிவு?
பொறி: வழக்கு நிற்கும். அந்நாட்டின் 2002ஆம் ஆண்டு 9165ஆம் இலக்கப் போதைப்பொருள் சட்டப்படி விற்பனைக்கு ஆயுள் சிறை.
தூண்டல்: விடுதலை. ஆனால் தூண்டியவர் அரச ஆளாக இருக்க வேண்டும். கூட்டாளி தூண்டினார் என்றால் இருவருமே மாட்டுவார்கள்.

"அண்ணை, சாமான் இருக்கோ?" என்று கேட்பது மட்டும் தூண்டல் ஆகாது. பலர் வழுக்குவது இங்கேதான். ஆகவே ஏற்கெனவே விற்றுக்கொண்டிருப்பவருக்குத் தூண்டல் வாதம் உதவாது; நெருக்கி இறக்கப்பட்டவருக்கே பொருந்தும். நம்மூர் வழக்குக்கு 1929ஆம் ஆண்டுப் போதைப்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதற்குச் சட்டத்தரணியைப் பாருங்கள்.