பேஸ் கிடார் வாய் திறக்காத பாட்டு

ஃப்ரீ என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'ஆல் ரைட் நௌ' பாட்டைப் பல வருடம் கேட்டிருக்கிறேன். அதில் பேஸ், அதாவது கீழ்ச்சுரங்களை வாசிக்கும் கிடார், எங்கே என்று பார்த்ததில்லை. கூடவே வாசித்துப் பழகலாம் என்று என் பேஸ் கிடாரை எடுத்து உட்கார்ந்தேன். முதல் சரணம் ஓடுகிறது, என் பங்கைத் தேடுகிறேன், காணோம். ஹெட்போனில் கோளாறோ என்று ஒயரை ஆட்டிப் பார்த்தேன். ஒயர் நன்றாகத்தான் இருந்தது. சரணங்களில் பேஸே கிடையாது! பால் கோசாஃபின் கிடார், சைமன் கிர்க்கின் டிரம்ஸ், பால் ராட்ஜர்ஸின் குரல், அவ்வளவுதான். பல்லவியில்தான் ஆண்டி ஃப்ரேசரின் பேஸ் உள்ளே வருகிறது. அப்போது வயிற்றில் 'தொம்' என்று ஒன்று இறங்கும் பாருங்கள், அதற்காகவே திரும்பத் திரும்பப் போடலாம்.

இத்தனைக்கும் ராட்ஜர்ஸோடு சேர்ந்து பாட்டை எழுதியவரே ஃப்ரேசர்தான். 1970இல் அது வெளிவந்தபோது அவருக்கு வயது 17. அந்த வயதில் நானாக இருந்தால் முதல் நொடியிலிருந்தே தடதடவென்று வாசித்துத் தள்ளியிருப்பேன். இங்கிலாந்தின் டர்ஹமில் ஒரு கச்சேரி எடுபடாமல் போக, மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் ஃப்ரேசர் சும்மா முணுமுணுத்ததில் பல்லவி பிறந்தது என்பார்கள்.

வரிகள் சுமார்தான். தெருவில் நிற்கும் பெண்ணை ஒருவன் வீட்டுக்கு அழைத்துப்போகும் கதை. காதல் கீதல் என்று ஏமாற்றுகிறாயா என்று அவள் திருப்பிக் கேட்கும் இடம் மட்டும் பிடிக்கும்.

நடுவில் வரும் கிடார் தனி வாசிப்பில்தான் ப்ளூஸ் இருக்கிறது, அமெரிக்கக் கறுப்பின மக்களின் அந்த உருக்கமான இசை. பேஸ் ஒரே துணுக்கைத் திரும்பத் திரும்பப் போட, அதன்மேல் கோசாஃப் மெல்ல ஏறுகிறார். வேகம் காட்டுவதே இல்லை. தந்தியை வளைத்து, ஒரு சுரத்தில் நின்று, விரலை அசைத்துக்கொண்டே இருக்கிறார். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு அது உடனே பிடிபடும். 1976இல், 25 வயதிலேயே இறந்துவிட்டார்.

வாங்குவதானால் 'ஃபயர் அண்ட் வாட்டர்' ஆல்பத்தையே வாங்குங்கள். அதில் ஏழாவது, கடைசிப் பாட்டு இது, ஐந்தரை நிமிடம். பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 2ஆம் இடம் வரை போன சிங்கிளில், அதாவது தனியாக வெளியிட்ட இசைத்தட்டில், இந்தத் தனி வாசிப்பை வெட்டிச் சுருக்கியிருக்கிறார்கள். நான் முதலில் காசு கொடுத்து வாங்கிய தொகுப்பு சிடியில் இருந்தது அந்த மொட்டை வடிவம்தான். இன்னும் ஆறவில்லை.

இப்போது நண்பர்களோடு வாசிக்கும்போது, சரணம் முழுக்கத் தந்திகளை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு நிற்கிறேன். டிரம்ஸ் வாசிப்பவன் ஒவ்வொரு முறையும், "டேய், தூங்கிட்டியா?" என்கிறான்.