சக்கரத்தை மாற்றிவிடலாம், கூடையை என்ன செய்வது?

குழந்தையை உட்காரவைத்துத் தள்ளிப்போகும் எங்கள் மடக்கு வண்டியின் (ஸ்ட்ரோலர்) முன்சக்கரங்களை இந்த வாரம் மாற்றினேன். விரைவில் கைக்குழந்தையோடு விமானத்தில் போகவிருக்கும் நண்பர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இதையே நாங்களும் வாங்கலாமா?" என்று கேட்டார். நின்ற இடத்தில் சொல்லி முடிகிற பதில் என்னிடம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சக்கரத்தின் மேல் எனக்குக் கோபமே கிடையாது. அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றி இறுகி, உள்ளே அச்சைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் வளையம் (புஷ்) தேய்ந்து, சற்று வேகமாகத் தள்ளினாலே கிடுகிடுவென்று ஆடத் தொடங்கியிருந்தது. சின்னச் சக்கரம் வைத்த எந்த வண்டிக்கும் இது வரும். அடியில் உள்ள கொக்கியை அழுத்தினால் பழையது கையோடு வந்துவிடுகிறது, புதியதைச் செருகினால் 'டக்'கென்று உட்கார்ந்துகொள்கிறது. அவ்வப்போது அந்த முடியைக் கத்தரித்து எடுத்துவந்தால் இன்னும் அதிக நாள் உழைக்கும்.

என் ஆத்திரம் முழுவதும் இருக்கைக்கு அடியில் தொங்கும் அந்தத் துணிக்கூடையின் மேல்தான்.

குழந்தை விழித்திருக்கும்வரை கூடையைக் குறை சொல்ல முடியாது. இருக்கையின் முதுகுச் சாய்வு நிமிர்ந்திருக்கும்போது பின்பக்கமாகக் கை நுழையத் தாராளமாக இடம் இருக்கிறது. குழந்தை தூங்கியதும் சாய்வை இறக்குவோம் அல்லவா? அந்த நொடியில் முதுகுத் துணி கீழே வந்து கூடையின் வாயை அடைத்துவிடுகிறது. பக்கவாட்டில் கை விடலாம் என்றால் மடங்கும் மூட்டும் குழாயும் குறுக்கே நிற்கின்றன. முன்னால் கால் வைக்கும் பட்டை மறிக்கிறது. டயப்பரும் மாற்றுத் துணியும் கண்ணுக்குத் தெரிகின்றன, கைக்கு எட்டுவதில்லை. எடுக்கவேண்டுமானால் சாய்வை நிமிர்த்தவேண்டும். நிமிர்த்தினால் குழந்தை விழித்துக்கொள்ளும். விமான நிலையக் கூச்சலுக்கு நடுவே தோளில் போட்டு, தட்டிக்கொடுத்து, நடந்து நடந்து தூங்கவைத்த குழந்தை! இதை வடிவமைத்தவர்கள் தூங்கும் குழந்தையை அதில் கிடத்திவிட்டு ஒருமுறையாவது கூடைக்குள் கைவிட்டுப் பார்த்திருக்க வேண்டாமா?

கூடை எட்டவில்லை என்றதும் கைப்பிடியில் பையை மாட்டத் தோன்றும். வேண்டவே வேண்டாம். கைப்பிடி பின்சக்கர அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. குழந்தை உட்கார்ந்திருக்கும்வரை அதன் எடை வண்டியை ஊன்றி நிற்கவைக்கும். குழந்தையைத் தூக்கிய மறுகணம் பையின் பாரம் இழுக்க, வண்டி பின்பக்கமாகக் கவிழும். சாய்வை இறக்கியிருந்தால் குழந்தையின் எடையும் பின்னுக்குப் போய்விடுகிறது, அப்போது குழந்தையோடு சேர்ந்தே கவிழும் அபாயம் உண்டு. கைப்பிடியில் எதையும் மாட்டக் கூடாது என்று கையேட்டில் போட்டிருக்கிறார்கள். நல்லது. அப்படியானால் கூடையை ஒழுங்காகச் செய்து கொடுத்திருக்கவேண்டும்.

எடை குறைந்த மடக்கு வண்டிக்கு வழிகாட்டியவர் ஓவன் மக்லாரன் என்ற விமானப் பொறியாளர். இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் தரையிறங்கு சக்கர அமைப்பில் வேலை செய்தவர். 1965இல் அலுமினியக் குழாய்களைக் கொண்டு, மூன்று கிலோவுக்கும் குறைவான எடையில், குடைபோல் மடங்கும் தள்ளுவண்டியை உருவாக்கினார். அன்று எடையும் மடிப்பும்தான் பெரிய சவால்கள். அவை தீர்ந்து இவ்வளவு காலம் ஆகியும் கூடை பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான் என் மனத்தாங்கல்.

மடிப்பைப் பற்றி நியாயமாகச் சொல்லவேண்டும். அபாரம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் மடக்கலாம். பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் கைப்பைக்கு வழிகாட்டும் 56 × 45 × 25 சென்டிமீட்டருக்குள் அடங்குகிறது. ஆனாலும் ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் தனி அளவு, தனி விதி. உள்ளே அனுமதிக்காவிட்டால் விமான வாசலில் ஒப்படைக்கவேண்டும். அதை இறங்கும் வாசலில் தருவார்களா, பெட்டிகள் வரும் பட்டையில் போடுவார்களா என்று ஒப்படைக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் விமானம் மாறிச் செல்லும் பயணமென்றால் இந்தக் கேள்வி மிக முக்கியம்.

அந்த அருமையான மடிப்பிலும் கூடை வந்து நிற்கிறது! அதற்குள் தடிமனாக எது இருந்தாலும் வண்டி மடங்காது. வரிசை நகர்ந்துகொண்டிருக்க, குனிந்து ஒவ்வொன்றாக வெளியே எடுக்கவேண்டும்.

அதனால் மூட்டை கட்டும் முறையையே மாற்றிக்கொண்டோம். கூடைக்குள் இப்போது எதையும் உதிரியாகப் போடுவதில்லை. பிடி வைத்த தட்டையான துணிப்பை ஒன்று உள்ளே இருக்கிறது, ஒரே இழுப்பில் வெளியே வந்துவிடும். அவசரத்துக்கு வேண்டியவை என் இடுப்புப் பையில். மாற்றுடைகளை ஜிப் வைத்த உறைகளில் ஜோடி ஜோடியாகப் பிரித்து வைக்கிறோம். ஓர் உறைக்குள் மேல்சட்டை, கால்சட்டை, டயப்பர். அழுக்கானது அதே உறைக்குள் திரும்பிப் போகும், மற்றத் துணிகளுக்கு நாற்றம் பரவாது. பெரியவர்களுக்கும் ஆளுக்கொரு மாற்றுச் சட்டை கட்டாயம் வேண்டும், குழந்தை வாந்தி எடுத்தால் நனைவது தூக்கி வைத்திருப்பவரும்தான். பாலைப் பற்றியும் நண்பர் கவலைப்பட்டார். கைப்பையில் திரவத்துக்கு 100 மில்லிலிட்டர் என்ற வரம்பு உள்ள பல நாடுகளில் குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் விலக்கு உண்டு. சோதனைக்கு முன்பே தனியே எடுத்துக் காட்டிவிட்டால் போதும்.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். உங்கள் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாவிட்டால், முழுவதும் படுக்கையாகாத இந்த இருக்கை எப்படியும் பொருந்தாது, மார்போடு அணைத்துக் கட்டும் கேரியர் போதும். பிறகு வேறு வண்டி பார்க்கப் போனால், சாய்வை முழுவதும் இறக்கிவிட்டுக் கூடையிலிருந்து ஒரு டயப்பர் பொட்டலத்தை எடுத்துப் பாருங்கள். எடுக்க வரவில்லை என்றால், விற்பவர் ஒற்றைக் கையால் எத்தனை முறை மடக்கிக் காட்டினாலும் கிளம்பிவிடுங்கள்.

எங்கள் வண்டியை இரவல் கேட்காதீர்கள். புதுச் சக்கரத்தோடு அது இப்போது வெண்ணெய்போல் ஓடுகிறது, அடுத்த பயணத்துக்கும் அதைத்தான் எடுத்துப்போகிறோம்.