கிளிநொச்சியில் ஷட்டரிங் பயிற்சி: ஒழுங்குமுறையை விரும்பும் பிள்ளைகளுக்கு ஏற்ற இடம்

கிளிநொச்சி நகருக்கு அண்மையில், வீடுகளுக்கும் பொதுக் கட்டடங்களுக்கும் கொங்கிறீற்று வேலை செய்யும் ஒப்பந்தகாரர் ஒருவர், தமது வேலைத்தளங்களிலேயே இளைஞர்களுக்கு ஷட்டரிங், அதாவது ஈரக் கொங்கிறீற்றை அது இறுகும் வரை தாங்கும் பலகை அச்சை அமைக்கும் வேலை, பழக்கி வருகிறார். என் அக்காவின் மகன் அங்கே பழகியதையும், நான் நேரில் பார்த்தவற்றையும் வைத்து இதை எழுதுகிறேன். சொல்லித்தந்த ஒழுங்கில் பிசகாமல் வேலை செய்வதில் நிறைவு காணும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சியை வன்னியில் நான் காணவில்லை.

இத்தொழிலில் ஒழுங்குக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதை அவர் முதல் நாளிலேயே கணக்காகக் காட்டுகிறார். ஒரு கனமீற்றர் ஈரக் கொங்கிறீற்று ஏறத்தாழ 2,400 கிலோகிராம் நிறையுடையது. ஆகவே 3 மீற்றருக்கு 4 மீற்றர் அளவான அறையின் மேல் 125 மில்லிமீற்றர் தடிப்பில் தட்டு (கொங்கிறீற்றுத் தளம்) போட்டால், மேலே நிற்கும் ஆட்களையும் கம்பியையும் சேர்க்காமலே 3,600 கிலோகிராம் பாரத்தைப் பலகையும் அதன் கீழ் நிறுத்தும் முட்டுகளும் தாங்கியாக வேண்டும். மழைக்குப் பின் இளகிய நிரப்பு மண்ணில் ஒரு பையன் முட்டின் கீழ் உடைந்த செங்கல்லை வைத்திருந்தான். அவர் ஏசவில்லை, அதைக் கழற்றுவித்து, மண்ணை இடித்து இறுக்கி, அகலமான பலகையைப் போட்ட பிறகே மீண்டும் முட்டை நிறுத்தச் செய்தார். தூணுக்குப் பெட்டி அடிக்கும்போது அடிப்பக்கத்தில் அமுக்கம் கூடுதல் என்பதால் அங்கே இறுக்கிகளை நெருக்கமாகப் போடுவது, கம்பியில் படாதபடி கம்பி கட்டுமுன்பே பலகைக்கு ஒயில் பூசுவது, கொங்கிறீற்றுப் போடும்போது முட்டுகளைப் பார்க்கவென்றே ஒருவரை நியமிப்பது ஆகியவை அங்கே மாறாத நடைமுறைகள்.

பலகை கழற்றும் கட்டத்தில்தான் அவருடைய உறுதி தெளிவாகத் தெரிந்தது. பலகைக்கு நாள் வாடகை ஓடுவதால் வீட்டுக்காரர் அவசரப்படுவது வழமை. அவரோ தாங்கும் சுவர்களுக்கிடையே 4.5 மீற்றருக்கு மேற்பட்ட இடைத்தூரமுள்ள தட்டின் முட்டுகளை 14 நாட்களுக்கு முன் தொட விடுவதில்லை. 6 மீற்றருக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாட்கள். கழற்றுவதற்கும் வரிசை உண்டு: இரு பக்கமும் தாங்கப்பட்ட தட்டானால் நடுவிலிருந்து சுவரை நோக்கியும், வெளியே நீட்டிய தட்டானால் அதன் வெளி நுனியிலிருந்து சுவரை நோக்கியும் கழற்ற வேண்டும். மருமகன் இதை இப்போது காரணத்தோடு விளக்குகிறான். எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி.

குறைகளும் உள்ளன. வரைபடங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால், அவற்றை வாசிக்கப் பழக்க இன்னும் நேரம் ஒதுக்க வேண்டும். பாதுகாப்புச் சப்பாத்தைப் பிள்ளைகளே வாங்க வேண்டியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆணி நிறைந்த பழைய பலகைகளுக்கு நடுவே நிற்பவர்களுக்கு அதை வேலை கொடுப்பவரே கொடுக்க வேண்டும். பயிற்சி முடிவில் அரச சான்றிதழ் கிடைப்பதும் இல்லை. வளைகுடா நாடுகளில் ஷட்டரிங் தச்சு வேலைக்குப் போக நினைப்பவர்கள், வேலை அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் பெறும் வழியை, தொழிற்பயிற்சிக்கான அரச நிறுவனமான நைற்றாவின் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

சேர விரும்புவோர் ஐப்பசிக்கு முன்னரே கேட்க வேண்டும். மாரி தொடங்கியதும் தட்டுப் போடும் வேலைகள் குறைந்துவிடுவதால், புதியவர்களுக்குக் கைப்பழக்கம் கிடைக்கத் தை வரை காத்திருக்க நேரும்.