பழைய ராப்டருக்கு ஓ-ரிங் செயினா, சாதா செயினா?

ரெண்டு சீசனுக்கு முன்னாடி என்னோட 2004 யமஹா ராப்டர் 660 குவாடுக்கு (மண்ணுல ஓட்டுற நாலு சக்கர பைக்) செயினும், அது ஓடுற பல்சக்கரம், அதாவது ஸ்ப்ராக்கெட், ரெண்டும் மாத்தினேன். ஷார்ஜால நம்மாளுங்க நாலஞ்சு பேரு பழைய குவாட் வாங்கி வச்சிருக்கோம், குளிர் ஆரம்பிச்சா வாராவாரம் அல் பதாயர் மண்ணுலதான் கெடப்போம். இப்ப அதுல ரெண்டு பேருக்கு செயின் போயிடுச்சு, ஆளுக்கு ஒரு தடவ போன் போட்டு "எதுடா போடலாம்"னு கேக்குறானுங்க, அதான் மொத்தமா எழுதிடலாம்னு.

முதல்லயே சொல்லிடுறேன், நான் ஓ-ரிங் செயினும் (ரப்பர் வளையம் வச்சு அடைச்ச செயின்) ஸ்டீல் ஸ்ப்ராக்கெட்டும் போட்ட ஆளு, அந்தப் பக்கம் கொஞ்சம் சாஞ்சுதான் பேசுவேன்.

தெரிஞ்ச விஷயத்த சீக்கிரம் முடிச்சுடுவோம். ஓ-ரிங், சாதா ரெண்டு செயினுமே 520 சைஸ்தான், அளவுல ஒரு பிரச்சனையும் இல்ல. ஓ-ரிங் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு காசு. ஸ்ப்ராக்கெட்ல ஸ்டீல விட அலுமினியம் வெயிட் கம்மி. பின்னாடி ஸ்ப்ராக்கெட்ல செயின ரெண்டு விரலால பின்பக்கமா இழுத்துப் பாருங்க, பாதிப் பல்லு வெளிய தெரிஞ்சா செயின் காலி. தேஞ்ச ஸ்ப்ராக்கெட்ல புது செயின் மட்டும் போட்டா அந்தப் புதுசையும் சேத்து தின்னுடும்.

சரி, எனக்கு முடிவு பண்ணிக் குடுத்த விஷயம் விலையும் இல்ல, வெயிட்டும் இல்ல. பின்னாடி ஸ்ப்ராக்கெட்ட கழட்டுற வேலதான்.

பைக்ல என்ன பண்ணுவோம், வீல உருவுவோம், ஸ்ப்ராக்கெட் கையோட வந்துடும். குவாட்ல அப்படி இல்ல, இந்தச் சக்கரத்துல இருந்து அந்தச் சக்கரம் வரைக்கும் ஒரே ஆக்சில், ஸ்ப்ராக்கெட் மோதிரம் மாதிரி அதுல கோத்திருக்கும், அத வெளிய எடுக்கணும்னா இடது பக்க வீலக் கழட்டி, வீல் மாட்டியிருக்கிற ஹப்பையும் உருவி, ஆக்சில் முனை வழியாத்தான் தள்ளிக் கொண்டு வரணும். இருபது வருஷ வண்டில அந்த ஹப் லேசுல வருமா? நட்டு கழராம இருக்க மாட்டுற காட்டர் பின் உள்ளயே ஒடிஞ்சு நின்னுச்சு, டிரில் போட்டு எடுத்தேன். ஹப் ஆக்சில்ல கோத்துக்கிற பல்லு வரிசைல (ஸ்ப்ளைன்) துருவும் மண்ணும் ஒட்டிக் கெட்டியா பிடிச்சிருந்துச்சு, ராத்திரி ஆயில் அடிச்சு ஊற விட்டு மறுநாள் ரப்பர் சுத்தியால சுத்திச் சுத்தித் தட்டி, மத்தியானம் போலத்தான் அசைஞ்சுச்சு. உள்ள இருந்தது முந்தின ஓனர் போட்ட அலுமினிய ஸ்ப்ராக்கெட், பல்லு எல்லாம் ஒரே பக்கமா சாஞ்சு கருக்கரிவாள் மாதிரி ஆயிருந்துச்சு. அப்பவே முடிவு பண்ணிட்டேன், இந்த ஹப்ப திரும்பவும் கழட்டுற நாள எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு தள்ளிப் போடணும்னு.

அலுமினியத்த மண்ணு அரம் வச்சு ராவுற மாதிரி ராவிடும். ஸ்டீல் வெயிட்டு, ஒத்துக்குறேன், ஆனா நான் என்ன ரேஸா ஓட்டுறேன்? அந்த வித்தியாசம் எனக்குத் தெரியவே இல்ல.

செயினும் அதே கணக்குதான். ஓ-ரிங்ல பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவுல கம்பெனிலயே கிரீஸ் வச்சு ரெண்டு பக்கமும் ரப்பர் வளையம் போட்டு அடைச்சிருப்பாங்க, மண்ணு உள்ள போறது கம்மி. சாதா செயின்ல எண்ணெய் போடலன்னா காஞ்சு தேயும், போட்டா மண்ணு ஒட்டிப் பசை மாதிரி ஆகி இன்னும் வேகமா தேயும். ஓ-ரிங்குக்கு நான் பண்றது மண்ணெண்ணெய்ல துடைச்சிட்டு கியர் ஆயில் தொட்ட துணியால ஒரு இழுப்பு, அவ்வளவுதான். பெட்ரோல் மட்டும் வேணாம், வயர் பிரஷ் வேணாம், பிரஷர் வாஷர கிட்ட வச்சு அடிக்கவே வேணாம், ரப்பர் போயிடும். செயினோட ரெண்டு முனையையும் சேக்குற மாஸ்டர் லிங்க் போடும்போது அந்த நாலு குட்டி ரிங்கையும் மறக்காதீங்க, கிளிப்போட மூடின பக்கம் செயின் ஓடுற திசையப் பாத்து இருக்கணும்.

சாதா செயினுக்கும் நியாயம் இருக்கு. வாடகைக்கு குவாட் விடுற ஒரு கேம்ப்ல மெக்கானிக்கா இருக்கிற பரமக்குடி அண்ணன் என் செயினப் பாத்துட்டு சிரிச்சாரு. "தம்பி, எங்க வண்டி தெனம் மண்ணுல ஓடுது, எதப் போட்டாலும் சீசனுக்கு ஒரு தடவ மாத்தத்தான் போறோம், அப்புறம் எதுக்கு டபுள் காசு?" அவருக்கு அது சரிதான். வாராவாரம் ஹப் கழட்டுற கை, ஜாம் ஆகவே விடமாட்டாரு. எனக்கு வருஷத்துக்கு ஒரு தடவ ஸ்பேனர் எடுத்தாலே பெரிசு.

மண்ணுல ரொம்ப நாள் ஓட்டினா ரப்பர் வளையமும் அறுந்துடும்னு அவரு சொல்றாரு. எனக்கு ரெண்டு சீசன்ல அறல, ஆனா ரெண்டே சீசன்தான், அதையும் பாத்துக்கோங்க. சேத்துல ஓட்டுறவங்க என் பேச்ச நம்பி வாங்காதீங்க, நான் ஓட்டினது முழுக்க மண்ணுலதான்.

எது போட்டாலும் ரெண்டு விஷயம். முன்னாடி ஸ்ப்ராக்கெட் நட்ட பழைய செயின் மாட்டியிருக்கும்போதே பிரேக் பிடிச்சு லூஸ் பண்ணிடுங்க, நான் செயின முதல்ல கழட்டிட்டு நட்டோட சேந்து ஷாஃப்ட்டும் சுத்துறத வேடிக்க பாத்துட்டு இருந்தேன். அப்புறம் ஸ்டாண்டுல தூக்கி வச்சு செயின டைட் பண்ணாதீங்க, ஆள் உக்காந்தா பின் ஆக்சிலப் பிடிச்சிருக்கிற ஸ்விங் ஆர்ம் மேல வந்து செயின் இன்னும் இறுகும், பேரிங்தான் சாகும். ஒருத்தன மேல உக்கார வச்சு லூஸ் பாருங்க.

விக்கும்போதும் ஸ்டீல் உதவும். இங்க பாதிப் பேரு ஊருக்குக் கிளம்பும்போது வண்டிய வித்துட்டுதான் போறான், வாங்க வர்றவன் முதல்ல குனிஞ்சு பாக்குறது பல்லத்தான்.

இன்னொன்னு, முன்னாடி 13 பல்லு, பின்னாடி 40, அதனால முன்னாடி ஒவ்வொரு பல்லும் பின்னாடி பல்ல விட மூணு மடங்கு உழைக்குது, முதல்ல தேயுறதும் அதுதான். அத மாத்த ஹப்ப தொடவே வேணாம். அதனால செயின் வாங்கும்போதே முன்னாடி ஸ்ப்ராக்கெட் ஒன்னு எக்ஸ்ட்ராவா வாங்கி வச்சேன், இன்னும் டப்பா பிரிக்கல.